எல்கை: ஒரு சைக்கிள் பந்தயம் குறித்து

(மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நோட்டீசிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கு. கவிதை பற்றிப் பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சு. அதனால இன்னைக்கு ஒரு சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். 2024 மாசியில், எங்க பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடந்த பந்தயம். நான் அதில் ஓட்டினேன். அப்போ வயசு 37. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து வளர்த்த தொப்பையோடு ஓட்டினேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அதில் ஓட்டிய பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் பேசிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவேன்.

எல்கைப் பந்தயம் என்றால் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்றேன். புறப்படும் இடத்தில் ஒரு கொடி. இத்தனை மைல் தள்ளி ஒரு எல்லை, அதுதான் எல்கை. அதைத் தொட்டுத் திரும்பி வரணும். 'போக வர பத்து மைல்' என்றுதான் இன்னும் நோட்டீசில் போடுகிறார்கள். ரோட்டோரத்துக் கல்லெல்லாம் கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ காலமாச்சு, பந்தயம் மட்டும் மைலை விடவில்லை. முதலில் மாட்டுவண்டி: பெரியமாடு, நடுமாடு, பூஞ்சிட்டு, கரிச்சான். மாட்டுக்கெல்லாம் ஓடி முடிந்து தண்ணி காட்டிய பிறகு, வெயில் ஏறினப்புறம், சைக்கிள்.

மாட்டுப் பந்தயத்தில் நான் பார்த்தவரைக்கும் எங்க ஆட்கள் மாட்டைக் குளிப்பாட்டுவார்கள், கூட ஓடுவார்கள். மைக்கில் வருவது சொந்தக்காரர் பெயர், பட்டத்தோடு. அப்படி ஒரு ஜோடி மாடு வாங்க எங்க தெருவையே விற்றாலும் காணாது. சைக்கிள் அப்படியில்லை. அரசாங்கமே கொடுக்குது. அதனால்தான் சைக்கிள் பந்தயத்தில் எங்க பையன்கள் வந்தார்கள். இது எந்தப் பந்தயக் கமிட்டியும் திட்டமிட்டுச் செய்த ஜனநாயகம் இல்லை.

கொஞ்சம் பின்னால் போறேன். எங்க அய்யா கட்டட வேலைக்கு டவுனுக்குப் போவார், தினமும் சைக்கிளில். எங்க காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். மடத்துக்கடை முக்கு வந்ததும் இறங்குவார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தள்ளிக்கிட்டே நடப்பார். பிள்ளையார் கோயில் தாண்டியதும் ஏறுவார். 1993, 94இல் நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவேன். ஒருநாள் ஏன்யா இறங்குறீங்கன்னு கேட்டேன். 'செயின் கழண்டிருச்சுப்பா' என்றார். மறுநாளும் அதே இடத்தில் கழண்டது. அந்த வயசில் எங்க சைக்கிளுக்குச் செயின் சரியில்லை என்றே நம்பிக்கிட்டு இருந்தேன். இதைக் கவிதையாக எழுத நாலைந்து தடவை முயற்சி செய்து கிழித்துப்போட்டிருக்கேன்.

ஆனால் எங்க சின்னம்மா இறங்கவில்லை. 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் பலருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்திருக்கும். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போ கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், கூலிப் பெண்கள், ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஓட்டினார்கள். எங்க சின்னம்மாவும் அப்படித்தான், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. அவங்க கூட்டமாகப் போனார்கள். கூட்டமாகப் போகிற பெண்களை எந்த முக்கில் இறக்கிவிடுவது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கு. இதையெல்லாம் அய்யாவிடம் கேட்டால் சிரிப்பார். அவர் கடைசிவரை தள்ளிக்கொண்டுதான் போனார்.

அய்யாவின் சைக்கிளில்தான் பந்தயத்தில் ஓட்டினேன் என்று சொன்னால் கதைக்கு நல்லா இருக்கும். அது உண்மையில்லை. அந்த ஹெர்குலிஸ் 2004லேயே பழைய இரும்புக்குப் போயிருச்சு, கிலோ கணக்கில்.

பந்தயத்தில் சேர்ந்ததற்குக் காரணம் அக்கா மகன். அப்போ பிளஸ் டூ. பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த இலவச சைக்கிள் வைத்திருந்தான். 'மாமா, நான் இந்த வருசம் எல்கையில ஓட்டப் போறேன், நீங்க கூட வாங்க' என்றான். பார்க்க வரச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஓட்ட வரச் சொன்னான். இதற்கு அவனிடம் ஒரு கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கைச் சொல்லணும். சைக்கிளை மெதுவாக ஓட்டும்போது நாம் ரோட்டோடு மல்லுக்கட்டுகிறோம். வேகம் கூடக்கூட எதிரி மாறிப்போகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவனுடைய உழைப்பில் பெரும்பகுதி காத்தைத் தள்ளுவதற்கே போகும். வேகம் இரண்டு மடங்கானால் காத்தின் எதிர்ப்பு நாலு மடங்கு. ஆனால் ஒருத்தன் பின்னால் ஒட்டி, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு முழ இடைவெளியில் போனால், முன்னால் போகிறவன் காத்தை வாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவனுக்குக் கால்வாசி உழைப்பு மிச்சம், சில சமயம் அதுக்கும் மேலே. பிரான்சில் 1903லிருந்து நடக்கிற 'துர் த பிரான்ஸ்' பந்தயத்தில் இதற்கென்றே ஒவ்வொரு அணியிலும் ஆட்கள் உண்டு. தலைவனுக்காகக் காத்து வாங்குகிறவன், தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறவன். அவனுக்கு அங்கே பெயர் 'தொமெஸ்தீக்'. என்ன அர்த்தம் தெரியுமா? வீட்டு வேலைக்காரன். 1911இல் அந்தப் பந்தயத்தை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்ச், மொரிஸ் ப்ரோக்கோ என்கிற வீரரைக் கேவலப்படுத்துவதற்காகப் பயன்படுத்திய வார்த்தை அது. இப்போ அதுவே தொழிலின் பெயராகிவிட்டது. பையன் இதை வீடியோவில் பார்த்திருக்கிறான். 'மாமா, நீங்கதான் எனக்கு தொமெஸ்தீக்' என்றான். வங்கியில் எனக்குப் பதவி உயர்வு வராத குறை அன்னைக்குத் தீர்ந்தது.

அவன் வண்டியை மெக்கானிக் கடையில் உரித்தோம். கூடை, கேரியர், ரெண்டு மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் கவர். கழற்றியதைப் பக்கத்து இரும்புக்கடைத் தராசில் வைத்தோம், மூணு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சீட்டை நாலு விரல்கடை ஏற்றினார். நம்ம ஆட்கள் எல்லாரும் சீட்டைத் தாழ்த்தி வைத்து முட்டியை மடக்கியே ஓட்டுகிறோம், அதில் பலம் வீண். கோனைத் திறந்து பால்ஸ் மாற்றிப் புது கிரீஸ் போட்டார். என் வண்டிக்கு முன்னால் 48 பல், பின்னால் ஃப்ரீவீல் 18 பல். அதைக் கழற்றிப்போட்டு 16 பல் மாட்டினார். ஒரு தடவை பெடல் சுற்றினால் முன்பு 6 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாகப் போகும், இப்போ ஆறரைக்கும் மேலே. ஆனால் மிதிக்கக் கனக்கும். கியர் வண்டிக்கு அனுமதி கிடையாது. அண்ணா பிறந்தநாளையொட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிற மாணவர் பந்தயத்திலும் இதே விதிதான், இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள் மட்டும். நல்ல விதி. அது இல்லையென்றால் ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்காரன் வந்து எல்லாரையும் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டுப் போய்விடுவான்.

பெயர் பதியும் மேசையில் ஒரு நோட்டு. பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரு. பையன் அவன் கூட்டாளிகளோடு போய் முதல்நாளே எழுதிவிட்டான். நான் மறுநாள் காலையில் போனேன். மேசையில் இருந்தவர் என்னை வங்கியில் பார்த்தவர். 'சார் வாங்க சார்' என்று நாற்காலி போட்டார். ஊர் என்கிற கட்டத்தில் எங்க கிளை இருக்கிற டவுனின் பெயரை எழுதினேன். தெரு என்கிற கட்டத்தை விட்டுவிட்டேன். அவசரத்தில் விட்டேன் என்று அப்போ நினைத்துக்கொண்டேன்.

31 பேர். கொடி அசைந்ததும் முதல் அரை மைல் நாய் துரத்துகிற மாதிரிப் போனார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பையன் பதறவில்லை. போகும்போது முதுகுக்காத்து, எல்லாருக்கும் லேசாக இருக்கும், அதில் பலத்தைக் காட்டி லாபமில்லை, திரும்பும்போதுதான் பந்தயம் என்று சொல்லி வைத்திருந்தான். மூணாவது மைலில் எங்க ஊர்த்தெரு. மடத்துக்கடை முக்கு, பிள்ளையார் கோயில். ரெண்டு பக்கமும் சனம். இருநூறு மீட்டர் இருக்கும். நாங்க போன வேகத்துக்கு 24 வினாடி. அய்யாவுக்கு மூணு நிமிஷம் ஆகியிருக்கும். இதை நான் அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஓட்டும்போது மூச்சைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

எல்கையில் ஒரு தார்ப் பீப்பாய் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்பணும். பக்கத்தில் ஒருத்தர் நின்று ஆளுக்கொரு சிவப்பு ரிப்பன் கொடுப்பார். அதைக் கொண்டுவந்தால்தான் கணக்கு, இல்லாவிட்டால் பாதியில் திரும்பினவன் என்று அர்த்தம். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். எல்லாரும் வேகத்தைக் குறைத்துக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவது பையன். அவனும் கையை நீட்டினான். ரிப்பன் தரையில் விழுந்தது.

கை தவறியிருக்கலாம் என்று என்னோடு வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் பிறகு சொன்னார். முற்போக்கானவர்தான். பதினோரு பேருக்குத் தவறாத கை. பையன் பிரேக் பிடித்து, இறங்கி, குனிந்து எடுத்தான். அதற்குள் நான் வந்துவிட்டேன். எனக்கு அவர் கையிலேயே கொடுத்தார். விரல் பட்டது. 'அட, சார் நீங்களுமா!' என்று சிரித்தார். அவர் பத்திரம் எங்க பெட்டகத்தில் இருக்கு. நானும் சிரித்தேன், தோழர்களே. அனிச்சையாக வந்தது அந்தச் சிரிப்பு. கவுண்டர் சிரிப்பு.

எதிர்காத்தில் திரும்பினோம். வேகத்தைக் குறைத்து அவன் சக்கரம் என் பின்னால் வந்து ஒட்டும்வரை காத்திருந்தேன். அப்புறம் மிதித்தேன். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை மிதிக்கிற மாதிரி. முன்னால் கொட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் ஒவ்வொருத்தராகக் காத்தில் நின்றுபோனார்கள். எங்க ஊர்த்தெருவுக்குள் நுழைவதற்குள் அஞ்சு பேரைப் பிடித்தோம். அதைத் தாண்டி ஒரு மைல். அத்தோடு என் கால் தீர்ந்தது. தொடை கல்லாகிவிட்டது. கையை அசைத்தேன், அவன் என்னைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். கடைசி அரை மைலில் ரெண்டு பேர் அவனுக்கு முன்னாலும் பக்கத்திலும் போட்டு அடைத்துவிட்டார்கள். இது பழைய வித்தை. அமெரிக்காவில் மேஜர் டெய்லர் என்று ஒரு கறுப்பினப் பந்தய வீரர் இருந்தார். 1878இல் பிறந்தவர். 1894இலேயே அங்கத்திய சைக்கிள் சங்கம் உறுப்பினர்கள் வெள்ளையர்களாக மட்டுமே இருக்கணும் என்று விதி போட்டுவிட்டது. அந்த விதியை முறைப்படி கைகழுவ அதற்கு 1999 வரை ஆனது, 105 வருஷம். டெய்லரை எல்லாரும் சேர்ந்து இப்படித்தான் பெட்டி போட்டு அடைப்பார்கள். 1897இல் ஒரு பந்தயம் முடிந்ததும் அவருக்குப் பின்னால் வந்தவன் அவரை இழுத்துப்போட்டு, மயக்கமாகிற வரைக்கும் கழுத்தை நெரித்தான். அடைக்க முடியாதபடி முன்னாலேயே போய்விடுவதுதான் அவர் கண்ட வழி. 1899இல் மாண்ட்ரியலில் உலக சாம்பியன் ஆனார். 1932இல் சிகாகோவில் அநாதையாகச் செத்தார். இந்தக் கதையெல்லாம் பையனுக்கு நான் சொன்னதில்லை. அவனாகவே ரோட்டை விட்டு இறங்கி, செம்மண் ஓரத்தில் போய் ஒருத்தனைத் தாண்டி மேலே ஏறினான். மூணாவது. நான் பதினாலாவது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். முதலாவதாக வந்த பையன் ஊர்ப் பையன். அடைத்த ரெண்டு பேரில் அவன் இல்லை, அவன் எங்கேயோ முன்னால் போய்விட்டிருந்தான். அவன் தண்ணி பாட்டிலோடு வந்து, 'எத்தனை பல்லு போட்டிருக்க?' என்று கேட்டான். ரெண்டு பேரும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குத்த வைத்துப் பல்லை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் பெயர் கூப்பிடும்வரைக்கும் எண்ணினார்கள்.

மைக். முதல் பரிசு, பெயர், தகப்பனார் பெயர், பட்டம், துண்டு போர்த்திப் பணம். இரண்டாம் பரிசும் அப்படியே. மூன்றாம் பரிசு, பெயர், இன்ன ஊர் காலனி. கவர் கொடுத்தார்கள். துண்டு இல்லை, துண்டு தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். 'வயதைப் பொருட்படுத்தாமல் இளைஞர்களுக்கு முன்மாதிரியாகக் கலந்துகொண்ட வங்கி அலுவலர்' என்று அறிவித்துத் துண்டு போர்த்தினார்கள். மூணாவது வந்தவனுக்குக் கவர். பதினாலாவது வந்தவனுக்குத் துண்டு. நான் மேடையில் நின்றேன். கழற்றி எறிந்திருக்கலாம், மைக்கைப் பிடுங்கிப் பேசியிருக்கலாம். இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய கவிதைகளைப் படித்தவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

ராத்திரி ரெண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. அக்கா வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டான்.

'மாமா, நோட்டுல நீங்க எந்த ஊர்னு எழுதுனீங்க?'

நான் சொன்னேன். செயின் கழண்டிருச்சு என்று சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னேன். சரி மாமா என்று வண்டியை உள்ளே ஏற்றினான். அவன் திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அந்த வருஷம் ஜூலையில் எரித்ரியா நாட்டு பினியம் கிர்மாய் துர் த பிரான்சில் ஒரு நாள் ஓட்டத்தை ஜெயித்தார். நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிற பந்தயத்தில் அப்படி ஜெயித்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். பையன் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். கூட ஒரு வரியும் எழுதவில்லை.

2025 மாசியில் நான் மறுபடி போனேன். பையன் திருச்சியில் கல்லூரியில் இருந்தான், பரீட்சை. மேசையில் அதே ஆள், அதே நாற்காலி. நான் நின்றுகொண்டே எழுதினேன். அய்யா பெயர், ஊர், காலனி. அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். 'சார், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?' என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்ன மாதிரித் தெரியவில்லை. எனக்கு ஏதோ உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். இருக்கட்டும் என்றேன். மைக்கில் படித்தார்கள். காலனி என்கிற இடத்தில் குரல் கொஞ்சம் தட்டியது, ஆனால் படித்தார்கள்.

எல்கையில் இந்தத் தடவை ஆள் இல்லை. கயிறு கட்டி ரிப்பனைத் தொங்கவிட்டிருந்தார்கள், அவரவர் உருவிக்கொள்ள வேண்டியது. இது முன்னேற்றமா, இல்லை இனிமேல் யார் கையையும் தொட வேண்டாம் என்கிற ஏற்பாடா? எங்க பையன்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி. நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நீங்க பேசுங்க.

திரும்பி ஒரு மைல் வந்திருப்பேன். கருவை முள். பின்சக்கரம் பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டது. வெயில். முக்கால்வாசிப் பேர் முன்னால் போய்விட்டார்கள், மீதிப் பேரும் தாண்டிப் போனார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். காத்து இல்லாத டயரில் ஓட்டினால் ரிம் கெட்டுவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தள்ளிக்கொண்டு வந்தவன் ஊர்த்தெருவுக்குள் நுழைகிற இடத்தில் நின்றேன். பிள்ளையார் கோயில் திண்ணையில் நாலு பெரியவர்கள். ஏறி உட்கார்ந்தேன். சக்கரம் தடக்தடக்கென்று கல்லில் இடிக்க, மடத்துக்கடை முக்கு வரைக்கும் மிதித்தேன். 24 வினாடியில் முடியவில்லை, ரெண்டு நிமிஷத்துக்கு மேலே ஆச்சு. ஒருத்தர் 'ஏப்பா, காத்து இல்லப்பா' என்று சத்தம் போட்டுச் சொன்னார். தெரியுங்க என்றேன். முக்கு தாண்டியதும் இறங்கித் தள்ளினேன்.

ரிம் போச்சு. ட்யூபும் டயரும் கிழிந்து போச்சு. மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார், அது எட்டுப்போட்டுச் சுற்றியது. 'என்ன சார் இது, இறங்கித் தள்ளிக்கிட்டு வந்திருக்கலாமே' என்றார்.